பார்க்கின்சன் மூளை ஆபரேஷன் முடிந்து ரெக்கவரியில்: எந்த அறிகுறிக்கு எதைப் பார்ப்பது

ஆழ்மூளைத் தூண்டல், நாம் சொல்கிறபடி டி.பி.எஸ். (மூளைக்குள் மெல்லிய கம்பியும் மார்பில் அதற்கு மின்சாரம் தரும் கருவியும் வைக்கும் ஆபரேஷன்), முடிந்து வருகிறவரை ஏற்றுக்கொள்ளும்போது தியேட்டர் சிஸ்டரிடம் முதலில் கேட்க வேண்டியது: கடைசி சின்டோபா (லெவோடோபா உள்ள பார்க்கின்சன் மாத்திரை) எத்தனை மணிக்கு? பதிலைக் கேஸ் ஷீட்டின் தலையிலேயே எழுதிவிடுங்கள். நடுக்கமும் விறைப்பும் வெளியே தெரிந்தால்தான் கம்பி சரியான இடத்தில் நிற்கிறதா என்று தியேட்டரில் சோதிக்க முடியும். அதனால் பெரும்பாலும் முந்தின நாள் இரவோடு மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். ரத்தத்தில் லெவோடோபா பாதியாகக் குறைய ஒன்றரை மணி நேரம் போதும். மதியம் உங்கள் கட்டிலுக்கு வரும்போது அவர் உடம்பில் லெவோடோபாவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது கேள்வி: ஆபரேஷனுக்கு முன்பு எந்தப் பக்கம் மோசம், குரல் எப்படி இருந்தது, வேறு என்ன மாத்திரை? செலிஜிலின், ராசஜிலின், சஃபினமைடு என்ற பார்க்கின்சன் மாத்திரைகள் இருந்தால் சிவப்புப் பேனாவில் எழுதுங்கள். ஏன் என்று கீழே வரும்.

மூளையில் ரத்தம் கசிந்தாலும் பேச்சு குறையும், கண் திறக்காது, கை அசையாது. மாத்திரை தீர்ந்த பார்க்கின்சனிலும் அப்படித்தான் இருக்கும். எது எது என்று பிரிக்க முடியவில்லையா, கசிவு என்றே எடுத்துக்கொண்டு கூப்பிடுங்கள். "பார்க்கின்சன்தானே, அப்படித்தான் இருப்பார்" என்பது சி.டி. பார்த்த பிறகு சொல்ல வேண்டிய வாக்கியம்.

இனி வரும் மருந்துகள் எல்லாம் டாக்டர் ஆர்டரின் பேரில்தான். சில இடங்களில் ஆர்டரைக் கேள்வி கேட்பதே நம் வேலை, அதையும் சொல்லியிருக்கிறேன்.

## கூப்பிட்டால் எழவில்லை

முதலில் ஒரு நிமிடப் பார்வை. மூச்சு எண்ணிக்கை, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு), கண்மணி, குளுக்கோமீட்டர், உடல் சூடு. சர்க்கரை இறங்கியிருந்தாலோ உடல் சூடு 35-க்குக் கீழே போயிருந்தாலோ காரணம் அங்கேயே கிடைத்துவிடும். தியேட்டர் குளிரில் மணிக்கணக்கில் கிடந்த ஒல்லியான பெரியவருக்கு இது சாதாரணம்.

மயக்க மருந்தின் மிச்சமா? கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, மூச்சு நிமிடத்துக்கு 10-க்குக் கீழே என்றால் ஓபியாய்டு, அதாவது அபின் வகை வலி மருந்து. நாடித்துடிப்பு மெதுவாக, தொட்டால் விழித்து உடனே திரும்பத் தூங்கினால் டெக்ஸ்மெடிடோமிடின் என்ற தூக்க மருந்து; விழித்த நிலையில் கம்பி வைக்கும்போது அதிகம் போடுவது இதைத்தான், இறங்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். விழிக்கப் பார்க்கிறார், ஆனால் தலையைத் தூக்க முடியாமல் மீன்போலத் துடிக்கிறார் என்றால் தசைத் தளர்வு மருந்து முழுதாக இறங்கவில்லை. நெர்வ் ஸ்டிமுலேட்டர் வைத்துப் பார்க்க அனஸ்தீசியா டாக்டரை அழையுங்கள், அதில் முதல் துடிப்புக்கும் நான்காவது துடிப்புக்கும் உள்ள விகிதம் 0.9-ஐத் தொடும்வரை மூச்சுக் குழாயை எடுத்திருக்கக் கூடாது.

கேட்கிறது, காட்ட முடியவில்லையா? இங்கேதான் அதிகம் ஏமாறுவோம். முகம் முகமூடிபோல் அசையாது. குரல் வெளியே வராது. சிலருக்குக் கண்ணைத் திறக்க மனம் நினைத்தாலும் இமை கேட்காது. இது பார்க்கின்சனிலேயே உண்டு. ஜி.சி.எஸ்.-இல் (நினைவு மட்டத்தை அளக்கும் மதிப்பெண்) கண்ணுக்கு 1, பேச்சுக்கு 1 என்று போட்டால் கோமா கணக்கு வந்துவிடும். அதனால் ஒரே ஒரு கட்டளை கொடுங்கள்: "ஐயா, வலது கைக் கட்டை விரலைத் தூக்குங்க." சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் பதினைந்து எண்ணுங்கள். இடையில் மறுபடி சொன்னால் அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். ஒரு பெரியவரிடம் நாங்கள் மாறி மாறிக் கத்திக்கொண்டிருந்தபோது, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற மகன் உள்ளே வந்து, "அப்பாகிட்ட ஒரு தடவை சொல்லிட்டு விட்டுடுங்க சிஸ்டர்" என்றார். விட்டோம். மெத்தையை ஒட்டி இருந்த விரல் அரை அங்குலம் எழுந்து, அங்கேயே நின்றது. மோட்டார் 6, சொன்னதைச் செய்கிறவருக்கான முழு மதிப்பெண். சி.டி.க்கு அவசர ஓட்டம் தேவைப்படவில்லை. ரைல்ஸ் டியூப்பில் (மூக்கு வழியே வயிற்றுக்குப் போகும் குழாய்) சின்டோபாதான் தேவைப்பட்டது.

காற்றா, கசிவா? மண்டையில் துளை போடும்போது உள்ளே காற்று புகும். கொஞ்சம் காற்று எல்லோருக்கும் இருக்கும். நெற்றிப் பக்கம் நிறைய சேர்ந்தால் மந்தமாகக் கிடப்பார்கள். ஆக்சிஜன் கொடுத்தால் காற்று கரையும். தலையை எவ்வளவு உயர்த்துவது என்பதைச் சர்ஜனிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், இதில் ஆளுக்கு ஒரு பழக்கம். கசிவு நூறில் ஒன்றிரண்டு பேருக்கு வரக்கூடியது.

உடனே கூப்பிட வேண்டிய எல்லை: ஜி.சி.எஸ். முன்பைவிட 2 குறைந்தால். கண்மணி இரண்டும் ஒரே அளவில் இல்லாவிட்டால். ஒரு பக்கக் கை கால் புதிதாக விழுந்தால். எழுந்து பேசியவர் திரும்ப மந்தமானால். கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு அதிகம் பயம் தருவது. மயக்க மருந்து இறங்கிக்கொண்டுதான் போகும், ஏறாது. விழித்தவர் மறுபடி மங்கினால் நியூரோ சர்ஜனையும் அனஸ்தீசியா டாக்டரையும் ஒரே நேரத்தில் அழையுங்கள், சி.டி. அறைக்குப் போன் போடுங்கள்.

## மூச்சில் சத்தம், சாச்சுரேஷன் இறங்குகிறது

குறட்டைபோல் சத்தம்: நாக்கு பின்னால் விழுந்திருக்கிறது. தாடையைத் தூக்குங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

களகள சத்தம்: எச்சில். பார்க்கின்சன்காரர்களுக்கு எச்சில் அதிகம் சுரப்பதில்லை, விழுங்காததால் தேங்குகிறது. மென்மையாக சக்ஷன் போதும். எச்சிலை வற்ற வைக்க அட்ரோபின் எழுதினால் கேளுங்கள்: அது மூளைக்குள் போய்ப் பிதற்றல் கொடுக்கும், கிளைகோபைரோலேட் அப்படிப் போகாது.

உள்ளிழுக்கும்போது விசில் மாதிரி கூர்மையான சத்தம், கழுத்துக் குழி உள்ளே இழுக்கிறது: குரல்வளை இறுகுகிறது. மருந்து இல்லாத பார்க்கின்சனில் குரல்வளைத் தசையும் இறுகும். இது நம் கையில் சரிசெய்யும் விஷயமில்லை. ஆக்சிஜன் மாஸ்க்கை இறுக்கிப் பிடித்து அழுத்தம் கொடுத்துக்கொண்டே அனஸ்தீசியா டாக்டரைக் கூவி அழையுங்கள்.

சத்தமே இல்லை, மூச்சு மேலோட்டமாக இருக்கிறது: மார்புத் தசையின் விறைப்பு அல்லது மிச்ச மருந்து. சாச்சுரேஷன் 97 காட்டினாலும் கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டிருக்கலாம், அது ஏறினால் மூளையில் அழுத்தமும் ஏறும். ரத்த வாயுப் பரிசோதனை கேளுங்கள்.

வாய் வழியாக எதுவும் கொடுக்கும் முன் ஒரு ஸ்பூன் தண்ணீர். இருமல் வந்தாலோ, பிறகு "ஆ" சொல்லச் சொன்னால் குரல் ஈரமாகக் கேட்டாலோ நிறுத்திவிடுங்கள். இருமாமலே நுரையீரலுக்குள் போவது இவர்களுக்கு உண்டு என்பதால் சாச்சுரேஷன் மேலும் ஒரு கண் இருக்கட்டும்.

## பி.பி. ஏறி நிற்கிறது

மூளைக்குள் புதிதாகக் கம்பி போன தடம் இருக்கிறது. அழுத்தம் ஏறினால் அங்கே கசியும். மேல் அளவு 140-க்குக் கீழே வேண்டும் என்பதே பெரும்பாலான இடங்களில் ஆர்டர். உங்கள் சர்ஜன் வேறு எண் சொல்லியிருந்தால் அது.

1. கஃப் கட்டிய கை நடுங்குகிறதா? நடுங்கும் கையில் வரும் எண்ணை நம்பாதீர்கள். அடங்கிய கைக்கு மாற்றுங்கள். ஆர்ட்டீரியல் லைன் (தமனிக்குள் வைத்து பி.பி. அளக்கும் குழாய்) இருந்தால் அதையே பாருங்கள்.
2. அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். சிறுநீர் கட்டி நிற்பது இந்த வயது ஆண்களிடம் மிகச் சாதாரணம், சொல்லவும் மாட்டார்கள். கதீட்டர் இருந்தாலும் டியூப் மடங்கியிருக்கலாம்.
3. குளிர், வலி, பயம். தலையில் மாட்டிய ஸ்டீரியோடாக்டிக் ஃபிரேமின் ஊசி பதிந்த நான்கு இடங்களும் கம்பி வைத்த இடத்தைவிட அதிகம் வலிக்கும்.
4. விறைப்பு. உடம்பு முழுக்க இறுகிக் கிடப்பவருக்குப் பி.பி. தானாக ஏறும். மருந்து உள்ளே போனால் இறங்கும்.
5. காலையில் போட வேண்டிய பி.பி. மாத்திரை விட்டுப்போயிருக்கிறதா?

இந்த ஐந்தையும் பார்க்க மூன்று நிமிடம் ஆகும். பார்த்துக்கொண்டே டாக்டருக்குத் தகவல் சொல்லிவிடுங்கள், முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று இருக்க வேண்டாம். லபெடலால் போன்றதைத் தருவார்கள். படிப்படியாக இறக்குவதே நல்லது. இந்த நோயில் ரத்தக் குழாய்களின் சுயகட்டுப்பாடும் கெட்டிருப்பதால் ஒரேயடியாகக் கீழே விழும்.

பி.பி. ஏறுகிறது, நாடி குறைகிறது, மூச்சின் தாளம் மாறுகிறது: மூன்றும் சேர்ந்தால் மண்டைக்குள் அழுத்தம். பி.பி.யை இறக்க நிற்காமல் முதலில் சர்ஜனைக் கூப்பிடுங்கள்.

## பி.பி. இறங்குகிறது

தலைமாட்டைச் சட்டென்று உயர்த்தினோமா, டெக்ஸ்மெடிடோமிடின் இன்னும் ஓடுகிறதா, இரவிலிருந்து தண்ணீர் குடிக்காத உடம்பா என்று பாருங்கள். கால்மாட்டை உயர்த்தி டிரிப்பைக் கூட்டினால் பலருக்கும் சரியாகும். ஊசி தேவைப்பட்டால், செலிஜிலின், ராசஜிலின் எடுப்பவருக்கு எபிட்ரின் பி.பி.யைத் தாறுமாறாக ஏற்றிவிடக்கூடும் என்பதை நினைவூட்டுங்கள், ஃபீனைலெஃப்ரின் அதைவிடப் பாதுகாப்பானது.

## நடுக்கம்

மானிட்டர் "வி.டி." (ஆபத்தான வேக இதயத் துடிப்பு) என்று கத்துகிறது, நோயாளியோ உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பார்க்கின்சன் நடுக்கம் நொடிக்கு 4 முதல் 6 தடவை. நிமிடக் கணக்கில் 240 முதல் 360. இ.சி.ஜி. அதை இதயத் துடிப்பாக எண்ணிவிடும். கழுத்தில் விரலை வைத்து நாடி பாருங்கள், சாச்சுரேஷன் அலை ஒழுங்காக வருகிறதா பாருங்கள். இரண்டும் சரி என்றால் இ.சி.ஜி. ஒட்டுகளைக் கையிலிருந்து தள்ளி உடம்பின் நடுப்பகுதிக்கு மாற்றுங்கள். நாடி இல்லையென்றால் அது நிஜம். மார்பில் கருவி இருக்கிறதே என்று ஷாக் கொடுக்கத் தயங்க வேண்டாம். பேடுகளைக் கருவியிலிருந்து முடிந்த அளவு தள்ளி ஒட்டினால் போதும்.

சரி, நடுக்கம் எந்த வகை?

பழைய நடுக்கம்: கை சும்மா இருக்கும்போது வரும், கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரை உருட்டுவதுபோல் அசையும். எதையாவது பிடிக்கச் சொன்னால் குறையும், தூங்கினால் நிற்கும். செய்ய வேண்டியது மாத்திரை நேரத்தைப் பார்ப்பதுதான்.

குளிர் நடுக்கம்: தாடை, தோள், மார்பு எல்லாம் சேர்ந்து, இரண்டு பக்கமும். கம்பளி, சூடான காற்றுப் போர்வை. இங்கேதான் சிவப்புப் பேனா. ரெக்கவரியில் குளிர் நடுக்கத்துக்குப் பெத்திடின் அல்லது டிரமடால் என்று கை தானாகப் போகும். செலிஜிலின், ராசஜிலின், சஃபினமைடு எடுப்பவருக்கு இரண்டுமே ஆகாது: காய்ச்சல், வெறி, தசைத் துடிப்பு, வலிப்பு என்று செரடோனின் கோளாறில் போய் முடியும். ஆர்டர் எழுதியிருந்தாலும் ஊசியை ஏற்றும் முன் கேளுங்கள். வலி மருந்தாகக் கொடுப்பதற்கும் இதே தடை. பாராசிட்டமால் ஊசியே முதல் தேர்வு. டைக்ளோஃபெனாக், கெட்டோரோலாக் இரண்டும் ரத்தம் உறைவதைக் கெடுக்கும் என்பதால் சர்ஜன் சொல்லாமல் வேண்டாம்.

வலிப்பு: ஒரு பக்க முகத்தில் அல்லது கையில் தொடங்கும், கண் ஒரு பக்கம் இழுக்கும், கையைப் பிடித்தாலும் நிற்காது, கூப்பிட்டால் பதில் இருக்காது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், ஆக்சிஜன், நேரத்தைக் குறியுங்கள், கூப்பிடுங்கள். ஆபரேஷன் முடிந்த அன்றே வலிப்பு என்றால் அடியில் கசிவு இருக்கிறதா என்று சி.டி. பார்க்காமல் விடமாட்டார்கள்.

## உடம்பு கட்டைபோல் இறுகுகிறது

மணிக்கட்டை மெதுவாகச் சுழற்றினால் பல்சக்கரம்போல் விட்டு விட்டு அசைந்தால் பழைய விறைப்பு. இதற்கு மருந்து லெவோடோபாதான், அதை நரம்பு வழியாகப் போட வழக்கத்தில் ஊசி கிடையாது. விழுங்க முடிந்தால் வாய் வழியே. முடியாவிட்டால் ரைல்ஸ் டியூப்பில். இரண்டு எச்சரிக்கை. சி.ஆர். என்று போட்ட, மெதுவாகக் கரையும் மாத்திரையைப் பொடிக்கக் கூடாது, சாதாரண மாத்திரையாக எவ்வளவு என்று மாற்றி எழுதி வாங்குங்கள். புரதம் கலந்த டியூப் ஃபீடோடு சேர்த்துக் கொடுத்தால் குடலில் சரியாக ஏறாது, இடைவெளி விடுங்கள். எவ்வளவு கொடுப்பது என்பதை நியூரோ டீம்தான் சொல்ல வேண்டும். கம்பி போன இடத்தில் ஏற்படும் சிறு வீக்கமே கொஞ்ச நாளைக்கு நோயைக் குறைத்துக் காட்டும், பழைய அளவு அதிகமாகிவிடலாம். ஆனால் "நாளைக்கு ரவுண்ட்ஸில் பார்ப்போம்" என்பது பதில் அல்ல. இன்று இரவுக்கு ஒரு ஆர்டர் எழுதாமல் டாக்டரை அனுப்பாதீர்கள்.

விறைப்போடு காய்ச்சல், வியர்வை, வேகமான நாடி, மங்கும் நினைவு சேர்ந்தால் கதை வேறு. லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் வரும் கடுமையான நிலை இது. கவனிக்காவிட்டால் உயிர் போகும். கிருமித் தொற்று என்று நினைத்துப் பாராசிட்டமாலும் ஆன்டிபயாடிக்கும் மட்டும் போட்டுக் காத்திருக்க வேண்டாம். சுவாச மயக்க மருந்தாலோ சக்சினைல்கோலினாலோ வரும் அதிசூடும் இதேபோல் தெரியும், அதில் கார்பன் டை ஆக்சைடு முதலில் ஏறும். இரண்டுக்குமே அனஸ்தீசியா டாக்டர், ஐ.சி.யூ., உடலைக் குளிர்வித்தல், ரத்தத்தில் சி.பி.கே. (தசைச் சிதைவைக் காட்டும் பரிசோதனை).

## குமட்டல், வாந்தி

ரெக்கவரி டிரேயில் பெரினார்ம் (மெட்டோகுளோபிரமைடு) இருக்கும். அதை எடுக்காதீர்கள். மெட்டோகுளோபிரமைடு, ஸ்டெமெடில், ஃபெனர்கன் மூன்றும் மூளையில் டோபமைனை அடைத்து நோயைக் கூட்டும். ஒண்டான்செட்ரான் கொடுக்கலாம். முக்கிய விலக்கு: பார்க்கின்சனுக்காக அபோமார்ஃபின் ஊசி போடுபவருக்கு ஒண்டான்செட்ரான் சேர்ந்தால் பி.பி. அதலபாதாளத்துக்குப் போகும். வாய் வழியே முடிந்தால் டோம்பெரிடோன், அதற்கு முன் இ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளி நீண்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வாந்தியோடு தலைவலி கூடி, மந்தமும் வந்தால் வாந்தி மருந்தோடு நிறுத்தாமல் சர்ஜனைக் கூப்பிடுங்கள்.

## பிதற்றுகிறார், தலைக்கட்டைப் பிடுங்குகிறார்

முதலில் சிறுநீர்ப்பை, பிறகு சாச்சுரேஷன், சர்க்கரை, வலி. அப்புறம் கண்ணாடியும் காது மெஷினும்: பெரும்பாலும் இரண்டும் வெளியே மனைவியின் பையில் இருக்கும். அதைக் கொண்டுவரும் சாக்கில் அவரையும் ஐந்து நிமிடம் உள்ளே விடுங்கள். விதி இடம் கொடுக்கிற அளவுக்குத்தான், ஆனால் அந்தக் குரல் செய்வதை ஊசி செய்யாது. கையைக் கட்டிப்போட்டால் திமிறுவார், பி.பி. ஏறும், தலைக்கட்டைப் பிடுங்காமலிருக்கக் கையுறை போதும்.

டியூட்டி டாக்டர் பழக்கத்தில் "செரினேஸ் போடுங்க" என்பார், அது ஹாலோபெரிடால். ஹாலோபெரிடால் இவர்களுக்கு ஆகாது என்று நேரே சொல்லுங்கள். மருந்து தேவைப்பட்டால் குறைந்த அளவில் குவெட்டியாபின். மிடசோலம் பிதற்றலைக் கூட்டவே செய்யும். புதிதாகத் தொடங்கிய பிதற்றலும் கசிவின் அடையாளமாக இருக்கலாம், முன்பு சொன்ன எல்லைகளை மறுபடி பாருங்கள்.

## கை கால் தானாக வீசுகிறது

சின்டோபா கொடுத்த அரை மணி, ஒரு மணியில் உடம்பு நெளிந்தால் மருந்து அதிகம். அடுத்த டோஸுக்கு முன் கேளுங்கள். ஒரு பக்கக் கை கால் மட்டும் தூக்கி எறிவதுபோல் பலமாக வீசினால் கம்பி முனையில் பாதிப்பு இருக்கலாம், உடனே சொல்லுங்கள். இரண்டிலும் கட்டில் கம்பிக்குத் தலையணை வையுங்கள்.

## காயமும் கருவிப் பையும்

தலைக்கட்டில் ரத்தக் கறை வந்தால் விளிம்பைப் பேனாவால் வரைந்து நேரம் எழுதுங்கள். நிறமில்லாத நீர் நனைத்தால் மூளைத் தண்ணீராக இருக்கலாம்: கட்டை நீங்களாக மாற்ற வேண்டாம். காறை எலும்புக்குக் கீழே கருவி வைத்த இடம் இறுகி வீங்கினால் பைக்குள் ரத்தம் சேர்கிறது. ஊசியால் எடுத்துப் பார்க்கக் கூடாது, கம்பியும் கருவியும் கிருமி பிடிக்கும். சர்ஜனிடம் காட்டுங்கள்.

## "கை இன்னும் நடுங்குதே, மெஷின் வேலை செய்யலையா?"

இது வெளியே காத்திருக்கும் வீட்டாரிடமிருந்து வரும். கருவி இப்போது அணைத்துத்தான் இருக்கும். காயம் ஆறிய பிறகு, பெரும்பாலும் சில வாரம் கழித்து, அவுட்பேஷண்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள் என்று சொல்லுங்கள். மூட்டு வலி, இடுப்பு வலி என்று யாராவது ஷார்ட்வேவ் டயதெர்மி (மின்னலையால் சூடு கொடுக்கும் சிகிச்சை) எழுதினால் இனி எப்போதும் வேண்டாம் என்பதையும் இப்போதே சொல்லிவிடலாம். டிஸ்சார்ஜ் அன்று இதைச் சொல்ல யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

வார்டுக்கு அனுப்பும்போது ஷீட்டில் கடைசி டோஸ் நேரத்துக்குப் பக்கத்தில் அடுத்த டோஸ் நேரத்தையும் எழுதுங்கள். "காலை, மாலை" என்று எழுத வேண்டாம். 6 மணி, 10 மணி என்று எழுதுங்கள். வார்டின் மருந்து வண்டி 8 மணிக்குத்தான் வரும் என்றால் மாத்திரையைத் தனி உறையில் போட்டு, இரவு சிஸ்டர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.